கல்லீரலில் எவ்வளவு இரும்பு?

டெட்ராய்ட் நகரக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி, கடும் ரத்தசோகையும் வீங்கிய மண்ணீரலுமாக வந்த குழந்தைகளைப் பற்றி 1925இல் எழுதினார். பின்னாளில் தலசீமியா என்று பெயர் பெற்ற அந்த நோய்க்கு ரத்தம் ஏற்றுவதே வழியானது. ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடலோ நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அளவுதான் கழிக்கும். மிச்சம் கல்லீரலிலும் பிறகு இதயத்திலும் சேர்ந்துவிடும்.

1960களில் இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்ஸமின் வந்தது. மருந்தின் அளவைத் தீர்மானிக்கச் சேமிப்பு தெரிய வேண்டுமே! சேமிப்பைக் காட்டும் என்று ரத்தத்தில் பார்க்கும் ஃபெரிட்டின் அளவோ, ஒரு தொற்று வந்தாலே ஏறிவிடும். நம்பியது பயாப்ஸியைத்தான்: ஊசியால் ஒரு துணுக்கை எடுத்து, உலர்த்தி அளப்பார்கள். கிராமுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால் கவலை, 15ஐத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. ஆனால் இரும்பு எங்கும் ஒரே சீராகப் படிவதில்லை. கைக்கு வந்த துணுக்கு முழுக் கல்லீரலின் நிலையைச் சொல்லாமல் போகலாம்.

ஊசிக்கு மாற்றாக எம்.ஆர்.ஐ. வந்தது. இரும்பு தன்னைச் சுற்றிய காந்தப்புலத்தைக் குலைப்பதால் சிக்னல் விரைவாகத் தேய்கிறது. சில மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து எடுத்த படங்களில் கல்லீரல் எவ்வளவு வேகமாகக் கறுக்கிறது என்பதே அளவுகோல். 2001இல் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனைக் குழு இந்த வேகத்தை அளக்கும் டி2 ஸ்டார் முறையை வெளியிட்டது. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் டிம் செயின்ட் பியர் குழுவும், லாஸ் ஏஞ்சலிஸில் ஜான் வுட் குழுவும் எம்.ஆர்.ஐ. எண்களைப் பயாப்ஸி முடிவுகளோடு பொருத்திக் காட்டின.

ஊசி போனது, கை போகவில்லை. ரேடியாலஜிஸ்ட் திரையில் மவுஸால் ஒரு வட்டம் வரைவார். அதற்குள் இருக்கும் பகுதிதான் கணக்கு. ரத்தக்குழாய் உள்ளே சிக்கினால் இரும்பு குறைவாகத் தெரியும். இருவர் வரைந்தால் இரண்டு விடை.

2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் யூ-நெட் என்ற நரம்பு வலையமைப்பு உருவானது. நுண்ணோக்கிப் படங்களில் செல்களைப் பிரிக்கவே முதலில் அது பயன்பட்டது. மனிதர்கள் வரைந்த எல்லைகளைக் காட்டிப் பயிற்றுவித்தால், அந்த வகை மென்பொருள் முழுக் கல்லீரலையும் தானே கோடிட்டுவிடும். குழாய்களைக் கழித்துவிடவும் அதற்குக் கற்றுத்தரலாம். எல்லாப் படங்களுக்கும் ஒரே விதி என்பதால், சென்ற ஆண்டு எண்ணையும் இந்த ஆண்டு எண்ணையும் ஒப்பிட்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ துணிய முடிகிறது.

சிக்கல், இரும்பு மிக அதிகமான நோயாளியிடம்தான். முதல் படத்திலேயே கல்லீரல் கறுத்து, விளிம்பு தெரியாமல் போகும். அத்தகைய கல்லீரல்களைப் பயிற்சியில் பார்க்காத மென்பொருள் அங்கே தடுமாறும். ஆகவே அது போட்ட கோட்டை ரேடியாலஜிஸ்ட் இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.