மைசூர் மாவும் மதிய உணவுப் பானையும்

மைசூருக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவன் தோட்டம் எல்லாம் பார்த்து முடித்துவிடுவார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மறுபடியும் அதே மூன்று. ரயில் நிலையத்தைத் தாண்டி கே.ஆர்.எஸ். ரோட்டில் இருக்கும் இன்னொரு அரண்மனையை யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் பெயர் செலுவாம்பா மாளிகை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரின் மூன்றாவது இளவரசிக்காகக் கட்டியது. 1950 முதல் அங்கே இளவரசிகள் இல்லை, விஞ்ஞானிகள்தான். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாக சி.எஃப்.டி.ஆர்.ஐ.

நான் உணவு விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் பற்று வரவு பார்ப்பவன். ஆனால் இந்த மாளிகையின் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழைக் குழந்தையின் பசியை உலகம் சுமார் இருபது வருடம் தப்பான தலைப்பில் எழுதி வைத்திருந்த கணக்கு. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க!

கதை மைசூரில் தொடங்கவில்லை. ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானாவில் தொடங்குகிறது. சிசிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா அங்கே குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். கால் வீங்கி, வயிறு உப்பி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து ஒன்றிலிருந்து நாலு வயதுக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பலர் பிழைக்கவில்லை. 1933-ல் அதைப் பற்றி எழுதினார். 1935-ல் அதற்கு உள்ளூர்ப் பெண்கள் சொன்ன பெயரையே வைத்தார்: குவாஷியோர்கர். 'கா' மொழிச் சொல். அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள்.

நமக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். நம் பாட்டிகள் 'சவலைப் பிள்ளை' என்று சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான். தாய் மறுபடி உண்டானதும் பால்குடி மறந்து, கஞ்சியில் விடப்பட்டு இளைக்கும் பிள்ளை. கடல் தாண்டிய இரண்டு ஊர்ப் பெண்கள் ஒரே விஷயத்தைக் கவனித்துத் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழந்தைகள் சாப்பிட்டது வெறும் மக்காச்சோளக் கஞ்சி. எனவே புரதம் போதவில்லை என்று வில்லியம்ஸ் சந்தேகப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சந்தேகம் உலக அளவில் கொள்கையாகிவிட்டது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குக் குறைவது புரதம், எப்படியாவது மலிவாகப் புரதம் தயாரித்துக் கொடுத்தால் போதும் என்று ஐ.நா. அமைப்புகளே பேசின. 1968-ல் 'நெருங்கி வரும் புரத நெருக்கடி' பற்றி ஐ.நா. ஒரு அறிக்கையே வெளியிட்டது.

இப்போது மைசூருக்கு வருவோம். சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து வந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த ஞாபகம் மாறாத காலம். அரிசிக்கு ரேஷன். இருக்கிற பொருளில் இல்லாதவனுக்குச் சோறு போட முடியுமா என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி.

இந்தியாவிடம் நிறைய இருந்தது நிலக்கடலை. எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் புண்ணாக்கில் புரதம் அப்படியே இருக்கிறது. அது மாட்டுக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்தது. சுத்தமான முறையில் எண்ணெய் எடுத்து, மனிதன் சாப்பிடும் தரத்தில் கடலை மாவு தயாரித்து, 75 பங்கு அந்த மாவு, 25 பங்கு கொண்டைக்கடலை மாவு, மேலே வைட்டமின் ஏ, டி, பி2, கால்சியம் சேர்த்து 'இந்தியப் பல்நோக்கு உணவு' என்ற மாவைத் தயாரித்தார்கள். அதில் சுமார் 40 சதவீதம் புரதம். குழம்பிலோ, மாவிலோ, கஞ்சியிலோ கொஞ்சம் கலந்தால் போதும். மரவள்ளி மாவும் கடலை மாவும் சேர்த்து அரிசிக்குப் பதிலாக ஒரு மக்ரோனியும் செய்து பார்த்தார்கள். 1960-களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்போடு சேர்ந்து ஒரு பயிற்சி மையமும் வந்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் மைசூருக்கு வந்து படித்துப் போனார்கள்.

வேலை உயர்ந்த வேலை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாவு ஏழை வீட்டு அடுப்புக்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை. ஏன்? எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் ஊர் வாயில் அது புண்ணாக்கு. 'மாட்டுக்குப் போடுறதை என் பிள்ளைக்குப் போடுவேனா' என்று ஒரு தாய் கேட்டால் ஆய்வுக்கூடத்தில் பதில் கிடையாது. இதற்கு நடுவே 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் தீவனத்தில் இருந்த நிலக்கடலையில் பூஞ்சை பிடித்து உண்டான அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு. அதன் பிறகு கடலை மாவு ஒவ்வொரு மூட்டைக்கும் பரிசோதனை தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, மலிவு என்றாலும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்கு அரிசி வாங்கும் வீட்டில் 'சத்துக்காக' தனியாக ஒரு பாக்கெட் என்பது பட்ஜெட்டிலேயே இல்லாத செலவு.

இதே மாளிகையில் பிறந்த இன்னொரு பொருள் அமோகமாக விற்றது. எருமைப் பாலில் குழந்தை உணவு. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், வயிற்றில் கெட்டியாகத் திரியும், பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்பது பிரச்சினை. அதைச் சரிசெய்யும் முறையை இங்கே கண்டுபிடித்தார்கள். 1960 வாக்கில் அமுல் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. வெளிநாட்டு டப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று. அந்தத் தலைமுறை நடுத்தர வர்க்கக் குழந்தைகளில் பலர் அந்த டப்பாவில் வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் டப்பாப் பால் நகரத்து ஏழையின் வீட்டுக்குள் போனால் கதையே வேறு. இதை முதலில் உரக்கச் சொன்னவரும் அதே சிசிலி வில்லியம்ஸ்தான். ஆப்பிரிக்காவிலிருந்து மலாயாவுக்கு மாற்றலானவர், 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். சர்க்கரை போட்ட கட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்று என்று விற்றதைத்தான் கொலை என்றார். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஏழைத் தாய் தண்ணீரை அதிகமாக ஊற்றுவாள். அந்தத் தண்ணீர் குழாயடியிலிருந்தோ குட்டையிலிருந்தோ வந்தது. பாட்டிலைக் கொதிக்க வைக்க விறகு இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, பிறகு எலும்பும் தோலும். 1974-ல் 'குழந்தைக் கொலையாளி' என்ற சிறு நூல் பிரிட்டனில் வந்தபோது அதில் பேசப்பட்டதும் பெரும்பாலும் ஆப்பிரிக்க நகரங்களின் ஏழைத் தாய்மார்கள்தான். 1981-ல் உலக சுகாதார அமைப்பு விற்பனை விதிகளை வகுத்தது. இந்தியா 1992-ல் சட்டமே போட்டு, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விளம்பரத்தைத் தடை செய்தது. 2003-ல் அதை இறுக்கியது.

ஆக, ஒரே கட்டிடத்தின் ஒரு கண்டுபிடிப்பு ஏழையிடம் போய்ச் சேரவில்லை. இன்னொன்று போய்ச் சேர்ந்தால் ஆபத்து. குற்றம் விஞ்ஞானிகள் மீது இல்லை. சுத்தமான தண்ணீர், எரிபொருள், வேலைக்குப் போகாத ஒரு ஆள், கையில் மிச்சக் காசு, இத்தனையும் வீட்டில் இருக்கின்றன என்று டப்பா நம்பிக்கொள்கிறது. நகரத்து ஏழையிடம் இல்லாதவை சரியாக இந்த நான்கும்தான்.

அப்படியானால் அந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் எதுதான் குறைந்தது? இந்தக் கேள்வியை நம் ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் அவரும் அவர் குழுவும் ஏழைக் குழந்தைகளின் தட்டைப் பார்த்தார்கள். சோறும் பருப்பும் வயிறார சாப்பிட்டால் அதிலேயே போதுமான புரதம் வந்துவிடுகிறது. குழந்தை வயிறார சாப்பிடவில்லை, அவ்வளவுதான். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்த ஒரு தின்பண்டத்தை ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் 310 கலோரி, வெறும் 3 கிராம் புரதம். பதினாலு மாதத்தில் உயரமும் எடையும் நன்றாக ஏறின. 1973-ல் இது வெளியானது. அடுத்த வருடம் டொனால்ட் மக்லாரன் என்ற மருத்துவர் 'மாபெரும் புரதத் தோல்வி' என்று லான்செட் இதழில் எழுதினார். உலகம் மெல்லத் தலைப்பை மாற்றி எழுதியது. புரதப் பற்றாக்குறை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, சாப்பாட்டுப் பற்றாக்குறை என்று.

இதைச் சென்னை மாநகராட்சி விஞ்ஞானம் இல்லாமலே 1920-ல் புரிந்துகொண்டிருந்தது. பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். செலவு தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல். தொடக்கக் கல்வி நிதியில் இந்தச் செலவை எழுதக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு மறுத்ததில் 1925-ல் நின்றுபோனது! (ஆடிட் ஆட்சேபணை என்பது எவ்வளவு பழைய வியாதி பாருங்கள்.) பிறகு 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவு என்று அது வளர்ந்த கதை உங்களுக்கே தெரியும். கர்நாடகத்தில் 2002-க்குப் பிறகு அட்சர தாசோகா, 2013 முதல் பள்ளிகளில் பால்.

பள்ளிக்கு வராத சின்னக் குழந்தைகளுக்கு அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் முதல் இடம் நம் மைசூர் மாவட்டத்து டி. நரசீபுரா, 100 அங்கன்வாடிகளோடு. சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் உழைப்புக்கும் கடைசியில் இங்கேதான் சரியான இடம் கிடைத்தது. வறுத்த தானியம், பருப்பு, நிலக்கடலை மாவு, வெல்லம் சேர்த்த 'எனர்ஜி ஃபுட்' அங்கன்வாடிகளுக்குப் போனது. நம் ஊர் சத்துமாவுக்கு உடன்பிறப்பு. கடையில் விற்காத மாவு, ஒருவர் கிண்டிக் கையில் கொடுத்ததும் குழந்தையின் வயிற்றுக்குப் போயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 33-ல் நகரப் பகுதிகள் வெறும் 4. நகரத்தில் மருத்துவமனை இருக்கிறது, கடை இருக்கிறது, கூலி கிடைக்கிறது என்ற நினைப்பு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் கிராமத்தில் 37 சதவீதம், நகரத்தில் 30. வசதியான குழந்தைகளையும் சேர்த்த சராசரியே இது. கர்நாடகம் 35, தமிழ்நாடு 25.

நைரோபியின் குடிசைப் பகுதிகளிலும் இதே கணக்குதான். அங்கே தண்ணீரை கேன் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். எண்ணெய், மாவு எல்லாம் அன்றைக்கு வேண்டிய துளி அளவில் வாங்கும் பழக்கத்துக்கு 'கடோகோ' என்று பெயரே இருக்கிறது. துளியாக வாங்குகிறவன் மொத்தமாக வாங்குகிறவனைவிட அதிக விலை கொடுக்கிறான். அண்ணாச்சி கடையில் இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட் பார்த்த நமக்கு இது புதிதல்ல. அந்த நைரோபி 2023-ல் பெரிய சமையற்கூடங்கள் கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தொடங்கியது. நூறு வருடத்துக்கு முன் ஆயிரம் விளக்கில் போட்ட அதே கணக்கு.

பாக்கெட்டுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. 1996-ல் பிரான்சில் உருவான நிலக்கடலைப் பசை ஒன்று, உயிருக்குப் போராடும் அளவுக்கு மெலிந்த குழந்தைகளை ஆப்பிரிக்காவில் ஏராளமாகக் காப்பாற்றியிருக்கிறது. அதுவும் நிலக்கடலைதான். ஆனால் எண்ணெயை எடுக்கவில்லை. எண்ணெயும் சர்க்கரையும் பால்பவுடரும் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர் கலக்க வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம். ஆனாலும் அது மருந்து. குழந்தை தேறிய பிறகு வேண்டியது தினசரிச் சாப்பாடு.

இதை எதற்கு நமக்குச் சொல்கிறேன்? வெளியூரில் இருக்கும் நாம் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் சங்கத்தில் வசூல் செய்து 'ஏழைக் குழந்தைகளுக்கு' ஏதாவது கொடுக்க நினைப்போம். கைக்கு முதலில் வருவது சத்துபானப் பாட்டில். அட்டையில் படம் அழகாக இருக்கும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகை நம் உணவுச் சட்டத்திலேயே இல்லை என்று சொல்லி, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளை அந்தத் தலைப்பை எடுக்கச் சொன்னது. அதே காசுக்குப் பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்கு ஒரு தண்ணீர் வடிகட்டியோ, நல்ல குக்கரோ, பாத்திரமோ வாங்கித் தரலாம். எது தேவை என்று அந்த ஆசிரியையிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று காசே இல்லாத வேலை. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு, பக்கத்தில் கட்டிட வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துக்கு ஆறு வயதுக்குள் குழந்தை இருக்கிறதா, எந்த அங்கன்வாடியில் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். வேறு ஊரிலிருந்து, ஏன் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் பலர் கன்னடம் தெரியாமல், நமக்குக் கிடைக்குமா என்று தயங்கியே போகாமல் இருக்கிறார்கள். கூடப் போய் இரண்டு வார்த்தை கன்னடத்தில் பேசிப் பெயர் எழுதிவிட்டு வர அரை மணி நேரம் ஆகும். மொழி தெரியாத ஊரில் முதல் மாதம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன?