வடசென்னை: உடல்நலம், பெண் உழைப்பு, சூழல் குறித்த ஆய்வுகள்

ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என வடக்கே நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் வறுமைக்கும் நோய்க்கும் மாசுக்கும் பெண்களின் உழைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பணிகள் இத்தலைப்பில் அடங்கும். இது ஒரே துறையாக வளரவில்லை. பொருளியலாளர்கள் ஒரு பக்கம், மருத்துவர்கள் இன்னொரு பக்கம். இருவரையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்ததில் மீனவர்கள் தொடுத்த வழக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பகுதியின் பின்னணி நீண்டது. 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் வந்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலும் இயங்கத் தொடங்கின. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். மெகாவாட், டன், வேலைவாய்ப்பு என்று இவற்றின் பலனைச் சொல்ல அளவுகள் இருந்தன. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துக் குடும்பம் நடத்தியவர்களின் வருமானத்தைச் சொல்ல அப்படி ஓர் அளவு இல்லை.

இந்தக் குறையைப் பொருளியல் உணரத் தொடங்கியது 1970-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு வெளிவந்த எஸ்தர் போசரப்பின் நூல், பெண்களின் உழைப்பை விட்டுவிட்டு வளர்ச்சியைக் கணக்கிட முடியாது என்று காட்டியது. என். எஸ். ஜோதா 1986-இல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட கிராமங்களை ஆராய்ந்து, பொதுநிலம் சுருங்கினால் முதலில் அடிபடுவது ஏழைக் குடும்பங்களே என்றார். பீனா அகர்வால் 1992-இல் அதையே பெண்களின் பக்கமிருந்து விரித்தார். இவர்கள் பேசியது மேய்ச்சல் நிலத்தையும் விறகையும் பற்றி. புறம்போக்கு என்று பதிவாகி, பின் ஆலைக்கு ஒதுக்கப்படும் உப்பங்கழிக்கும் அந்த வாதம் அப்படியே பொருந்தும்.

சென்னையில் பெண் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியவைத்ததில் உழைக்கும் பெண்கள் அமைப்புக்கு முக்கிய இடமுண்டு. அது ஜெயா அருணாசலம் 1978-இல் தொடங்கிய அமைப்பு. தெருவில் கூடை வைத்து விற்பவர்களுக்குச் சிறுகடன் பெற்றுத் தந்த அந்த முயற்சியைப் பின்னர் வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து ஆராய்ந்தார்கள். ஆனால் கடன் ஆய்வுக்குக் கிடைத்த கவனம் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் தொழிலுக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தொழிலைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பழவேற்காடு, எண்ணூர்க் கழிகளில் இருளர் பெண்கள் வலையோ படகோ இல்லாமல் இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலை எடுத்துப் பல்லில் கவ்விய பறிக்கூடையில் போடுவார்கள். அடிச்சேறு மெத்தென்று இருந்தால்தான் இது நடக்கும். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களில் கசிவு ஏற்பட்டு, கரைத்த சாம்பல் கழியில் படிந்தபோது, அந்த அடித்தளமே மாறிப்போனது. ஆழம் குறைந்தது, சாம்பல் இறுகியது, துழாவக் கைக்கு இடமில்லாமல் போனது. மீனவர்கள் தொடுத்த வழக்கில் நிபுணர் குழுக்கள் வந்து பார்த்தன. சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்கவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் ஆணையிட்டது.

காற்று பற்றிய ஆய்வு இதைவிட ஒழுங்காக நடந்தது, அளக்கக் கருவி இருந்ததே காரணம். கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி ஆகிய இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையங்கள் உண்டு. தேசியத் திட்டப்படி வாரத்துக்கு இரண்டு நாள் அளவெடுப்பார்கள். இத்திட்டத்தில் மீதி ஐந்து நாள் காற்று யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, 2002 முதல் 2004 வரையிலான சென்னைத் தரவைக் கொண்டு, நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றாட இறப்பு சுமார் 0.4 சதவீதம் கூடுவதாக 2011-இல் வெளியிட்டது. அக்குழு தமிழ்நாட்டின் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, மிகநுண் துகள் அதே அளவு கூடினால் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகக் கண்டது. நான்கு கிராம் ஒரு குழந்தைக்குச் சிறிது. ஊர் முழுக்கப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சேர்த்தால் சிறிதல்ல. இதே குழு அதற்கு முன்பே ஊர்ப்புறச் சமையலறைகளின் விறகுப் புகையை அளந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆலைப் புகையும் அடுப்புப் புகையும் சேர்வது பெண்ணின் நுரையீரலில்தான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளிகள் பெற்றுக் கடும் மாசுப் பகுதிகளில் ஒன்றானது. 70-ஐத் தாண்டினாலே கடும் மாசு. 2016-இல் குறியீட்டைத் திருத்தியபோது, உடல்நலப் பாதிப்பைப் பெரிய மருத்துவமனைகளின் பதிவேட்டிலிருந்து கணக்கிடும் முறை வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதில் விழமாட்டார்கள். மாசைக் குறைக்கும் வழியாகப் பொருளியலாளர்கள் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரையன் ஆகியோர் 2010-இல் முன்வைத்த மாசு உரிம வணிகத் திட்டத்துக்கு முதலில் தேர்வான மூன்று மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் முதல் சந்தை 2019-இல் சூரத்தில்தான் தொடங்கியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கையால் பிடிப்பவர்களுக்கென்று தனி வகை இல்லை. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சுற்றுக் குப்பங்களிலும் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குப் பதிவேட்டில் எண் விழுந்தது. மற்றவர்கள் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள்.