மூக்கொலியை அளத்தல்: செயற்கை அண்ணத்தின் வரலாறும் கொங்குத் தமிழும்

ஆய்வுச்சுருக்கம்

பிறவியிலோ நோயாலோ அறுவையாலோ அண்ணத்தில் குறை ஏற்பட்டோர்க்குச் செயற்கை அண்ணம் பொருத்துவது ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டு முதல் நிகழ்ந்துவருகிறது. அத்தகையோர் பேச்சில் மூக்கொலி எவ்வளவு கலந்துள்ளது என்பதை எண்ணாகக் குறிக்கும் முறையோ கடந்த அறுபது ஆண்டுகளுக்குள்தான் நிலைபெற்றது. இக்கட்டுரை அவ்விரு வரலாறுகளையும் தொடர்புபடுத்தி, அளவுகோல் மொழிக்கும் வட்டார வழக்கிற்கும் ஏற்ப மாறவேண்டியது ஏன் என்பதைத் தமிழ் இலக்கண மரபின் துணையுடனும் ஈரோட்டு வட்டாரப் பேச்சின் சான்றுகளுடனும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெல்லினம், அண்ணம், செயற்கை அண்ணம், மூக்கொலி விகிதம், கொங்குத் தமிழ், நன்னூல்.

முன்னுரை

2021 ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை நோய் இந்தியாவெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்தது. உயிர் காக்கும் பொருட்டு மேல்தாடையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு உணவு மூக்கில் ஏறுவதும், பேச்சு முழுவதும் மூக்கொலியாக ஒலிப்பதும் புதிய துன்பங்களாயின. பிளவண்ணத்துடன் பிறந்தோரும் வாய்ப்புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டோரும் நெடுங்காலமாக அறிந்திருந்த துன்பம் இது. இத்தகையோர்க்குப் பல் மருத்துவர் செய்தளிக்கும் செயற்கை அண்ணம் பேச்சை எந்த அளவிற்கு மீட்டது என்பதை முடிவு செய்வது எவ்வாறு? இவ்வினா மருத்துவம் சார்ந்தது. அதே அளவிற்கு ஒலியியல் சார்ந்ததும் ஆகும்.

1. இலக்கண மரபில் மூக்கும் அண்ணமும்

தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்துகள் பிறப்பதற்குரிய எட்டு நிலைகளுள் மூக்கையும் அண்ணத்தையும் தனித்தனியே எண்ணுகிறது. ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய மெல்லெழுத்து ஆறும் தத்தமக்குரிய இடத்தில் பிறந்தாலும் மூக்கின் வழி வரும் காற்றால் இசை பெறும் என்பது அதன் விளக்கம். ககரத்திற்கும் ஙகரத்திற்கும், பகரத்திற்கும் மகரத்திற்கும் வாய்க்குள் தொடும் இடம் ஒன்றே. மூக்கின் வழி திறந்திருப்பதே மெல்லெழுத்தை வேறுபடுத்துகிறது.

நன்னூல் வல்லினத்திற்கு நெஞ்சையும் மெல்லினத்திற்கு மூக்கையும் இடையினத்திற்கு மிடற்றையும் இடமாகக் கூறுகிறது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊரான சனகாபுரம், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என ஆய்வாளர் பலர் கருதுவர். அண்மையிலுள்ள விசயமங்கலத்துச் சமணக் கோயில் அப்பகுதியின் சமணத் தொன்மைக்குச் சான்றாக நிற்கிறது.

இவ்விலக்கணப் பகுப்பு, அண்ணக் குறையால் விளையும் பேச்சுச் சிதைவை நேரடியாக விளக்கவல்லது. மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்காவிடின் வல்லெழுத்து தன் இன மெல்லெழுத்தை நோக்கிச் சாய்கிறது. ‘பாடு’ என்பது ‘மாடு’ போலவும், ‘தாடி’ என்பது ‘நாடி’ போலவும் கேட்கிறது. மூக்கின் வழி முற்றிலும் அடைபட்டால் இதற்கு மாறாக மெல்லெழுத்து வல்லெழுத்தை நோக்கிச் சாய்கிறது. எனவே பேச்சைப் பொறுத்தவரை மெல்லண்ணத்தைச் சுவர் என்பதைவிடத் திறந்து மூடும் கதவு என்பதே பொருந்தும்.

2. செயற்கை அண்ணம்: சுவரிலிருந்து கதவிற்கு

தொடக்ககாலச் செயற்கை அண்ணங்கள் சுவர்களாகவே அமைந்தன. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே, அண்ணத்துளையை மூடும் உலோகத் தகட்டையும் அதனை மேற்புறத்தில் பற்றிநிற்கும் பஞ்சையும் விளக்கியுள்ளார். 1728 இல் பியேர் ஃபோஷார் வெளியிட்ட பல் மருத்துவ நூல், துளையின் மேற்புறம் விரிந்து பிடித்துக்கொள்ளும் சிறகுகள் கொண்ட மூடிகளை விவரிக்கிறது. வன்மையான அண்ணத்தில் விழுந்த துளைக்கு இவை ஓரளவு பயன்பட்டன. அசையவேண்டிய மெல்லண்ணத்திற்கு ஈடாக அவை அமையவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரப்பரைப் பதப்படுத்தும் முறை பரவியதும் நிலைமை மாறியது. 1859 அளவில் நியூயார்க்கு நகரப் பல் மருத்துவர் நார்மன் கிங்ஸ்லி, தசைகளோடு சேர்ந்து அசையும் மென்மையான இரப்பர் அண்ணத்தை உருவாக்கினார். 1867 இல் பெர்லினைச் சேர்ந்த வில்லெம் சூர்சன் இதற்கு மாறான தீர்வை முன்வைத்தார். அசையாத கடின இரப்பர்க் குமிழைத் தொண்டையின் மேற்பகுதியில் நிறுத்தினால், சுற்றியுள்ள தசைகள் வல்லெழுத்தின்போது அதனை நெருங்கி மூடும். மெல்லெழுத்தின்போது விலகி வழிவிடும் என்பது அவர் கருத்து. தொண்டையின் பின்சுவர்த் தசை முன்னோக்கிப் புடைப்பதைக் குஸ்தாவ் பாசவான் அதே பத்தாண்டில் விளக்கியிருந்தார். கதவின் அசைவைத் தசைகளிடமே ஒப்படைத்த இக்கொள்கை இன்றைய பேச்சுக் குமிழிலும் தொடர்கிறது. 1958 இல் கிப்பன்சு, புளூமர் ஆகியோர் விவரித்த அண்ணத்தூக்கி வேறொரு தேவைக்குரியது. மெல்லண்ணம் இருந்தும் செயலிழந்தோர்க்கு அதனைத் தூக்கிப் பிடிப்பது அதன் பணியாகும்.

குமிழ் சிறிதானால் காற்று மூக்கில் கசியும். பெரிதானால் மெல்லினம் மழுங்கி, மூக்கடைப்புற்றவர் பேச்சுப் போல ஒலிக்கும். குமிழின் விளிம்பைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைச் செவிப்புலன் ஒன்றையே நம்பி முடிவு செய்வது கடினமாயிருந்தது. அளவீட்டின் தேவை இங்கிருந்தே எழுந்தது.

3. கண்ணாடியிலிருந்து கருவி வரை

1850களின் பிற்பகுதியில் யோகான் செர்மாக் என்னும் உடலியலாளர், பேசுவோரின் மூக்கின் கீழ்க் குளிர்ந்த கண்ணாடியைப் பிடித்து, அதில் ஆவி படிகிறதா என நோக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மன் குட்சுமன், நோயாளியை அகரத்தையும் இகரத்தையும் மாறிமாறி ஒலிக்கச் செய்து, மூக்கை மூடியும் திறந்தும் ஒலி மாறுகிறதா எனச் சோதித்தார். இவை கசிவு உண்டா இல்லையா எனக் காட்டினவேயன்றி எவ்வளவு எனக் காட்டவில்லை.

1964 இல் வாரன், டுபுவா ஆகியோர் காற்றழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் ஒருங்கே பதிந்து, மூடாமல் எஞ்சும் துளையின் பரப்பைக் கணக்கிடும் முறையை வகுத்தனர். 1970 இல் சாமுவேல் பிளெட்சர் ஒலியையே அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். அதன் வழிவந்த நேசோமீட்டர் 1980களில் விற்பனைக்கு வந்தது. மூக்கிற்கும் வாய்க்கும் இடையே ஒரு தட்டு. அதன் மேலும் கீழும் ஒவ்வோர் ஒலிவாங்கி. மூக்கின் வழி வந்த ஒலியாற்றலை, மூக்கு, வாய் ஆகிய இரண்டின் வழியும் வந்த மொத்த ஒலியாற்றலால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பதே மூக்கொலி விகிதம். செயற்கை அண்ணத்தைப் பொருத்தியும் கழற்றியும் ஒரே பகுதியைப் பேசச் செய்தால், அதன் பயன் இரு எண்களின் வேறுபாடாக வெளிப்படும்.

4. அளவுகோலும் மொழியும்

இவ்வெண், பேசப்படும் பகுதியில் மெல்லெழுத்து எவ்வளவு உள்ளது என்பதைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் மெல்லொலியே இல்லாத ‘விலங்குக் காட்சிசாலைப் பகுதி’யும், இயல்பான அளவில் மெல்லொலி கலந்த ‘வானவில் பகுதி’யும், மெல்லொலி மிகுந்த தொடர்களும் இதற்கெனப் பயன்படுகின்றன. காட்சிசாலைப் பகுதியைப் படிக்கையில் விகிதம் 32 விழுக்காட்டைக் கடந்தால் மிகை மூக்கொலி எனக் கொள்ளலாம் என்பது 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வொன்று முன்வைத்த வரம்பு. ஆயினும் உயிரெழுத்தின் தன்மையாலும் எண் மாறும். அகரத்தைவிட இகரம் கூடுதல் விகிதம் காட்டும். வட்டார வழக்கும் எண்ணை மாற்றுகிறது. 1991 இல் வெளியான ஆய்வில், வட அமெரிக்காவின் நான்கு வட்டாரத்தாருள் அமெரிக்காவின் மத்திய அட்லாண்டிக் பகுதியினர் மற்றவரினும் உயர்ந்த விகிதம் பெற்றனர். நோயற்ற பேச்சிலேயே இவ்வேறுபாடு காணப்பட்டது குறிப்பிடத்தக்கது.

ஆகவே ஆங்கில வரம்பைத் தமிழுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. மெல்லெழுத்து அற்ற தமிழ்த் தொடரை அமைப்பதே எளிதன்று. நான், நீ, அவன் என்பன விலக்கப்படும். ‘-ஆன்’, ‘-ஏன்’ ஆகிய வினைமுற்று விகுதிகளும் ‘-உம்’ என்னும் இடைச்சொல்லும் விலக்கப்படும். அப்பா, அக்கா இடம்பெறலாம்; அம்மா, அண்ணன், தம்பி, தங்கை இடம்பெற இயலாது. ‘தாத்தா காலையில் சட்டை போட்டு ஈரோட்டுக்குப் புறப்பட்டார்’ என்பது போன்ற, படர்க்கை மரியாதை வடிவம் கொண்ட தொடர்களே பெரிதும் எஞ்சும். இதன் மறுதலையாக ‘மாமன் மஞ்சள் மண்டிக்கு வண்டியில் வந்தான்’ என்பது மெல்லின மிகுதிக்குச் சான்றாகும். முதல் தொடர் கசிவைக் காட்டும். இரண்டாவது தொடர் குமிழ் அளவு மீறிப் பெரிதாக உள்ளதா என்பதைக் காட்டும். இரண்டனுள் ஒன்றை மட்டும் கொண்டு அளத்தல் கதவின் ஒரு பணியை மட்டும் சோதிப்பதாகும்.

5. கொங்குப் பேச்சும் ஙகர ஈறும்

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி இச்சிக்கலை மேலும் வளர்க்கிறது. பேச்சில் ‘மரம்’, ‘அவன்’ போன்ற சொற்களின் ஈற்று மெய் தனியே ஒலிக்காமல், முன்னுள்ள உயிர் மூக்கொலி பெற்று முடிகிறது. இது குறையன்று, மொழியின் இயல்பு. அச்சிட்ட பகுதியை வாசிப்பவரிடம் இவ்வியல்பு மறைந்து நிற்கும். எழுத்தறியாத முதியவர் தம் போக்கில் பேசும்போது அது முழுமையாக வெளிப்படும். இருவர் எண்களையும் ஒரே வரம்பால் மதிப்பிடுதல் முறையாகாது.

கொங்கு வட்டாரத்தில் இதற்கு மற்றொரு கூறும் உண்டு. ‘ஏனுங்க’, ‘சொல்லுங்க’, ‘சரிங்க’ என மரியாதை குறிக்கும் ‘ங்க’ பேச்சில் அடிக்கடி பயில்கிறது. ‘ஏனுங்’, ‘சரிங்’ என ஙகர மெய்யோடே முடிதலும் உண்டு. தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லின் இறுதியில் வரத்தக்க மெய்களாகக் கூறும் பதினொன்றனுள் ஙகரம் இல்லை. பவணந்தியார்க்கு உரியதாகக் கருதப்படும் மண்ணிலேயே அவர் விதிக்காத ஈறு பணிவின் அடையாளமாக வாழ்வது மொழி வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. மருத்துவ நோக்கில் இதன் விளைவு தெளிவானது. மருத்துவரிடம் மரியாதையுடன் பேசும் ஈரோட்டு நோயாளியின் இயல்புப் பேச்சு, அப்பணிவின் காரணமாகவே மூக்கொலி மிகுந்ததாக அமையும். அதனைக் கசிவெனக் கொண்டு குமிழைப் பெரிதாக்கினால், நோயாளி இழப்பது தம் ஊர்ப்பேச்சின் ஒலியையே ஆகும்.

மாவட்டத்தின் மலைப்பகுதியான தாளவாடியில் கன்னடம் பேசுவோர் மிகுதி. 1965 இல் நிறுவப்பெற்ற மைசூரு அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்தில் கன்னடத்திற்கெனத் தனியே மூக்கொலி விகித மதிப்புகள் ஆராயப்பட்டுள்ளன. ஆதலின் ஒரே மாவட்டத்து நோயாளிகளுக்குள்ளும் ஒரே பகுதியைக் கொண்டு அளத்தல் பொருந்தாது.

முடிவுரை

செயற்கை அண்ணத்தின் வரலாறு துளையை அடைத்தலில் தொடங்கி, திறந்து மூடும் வழியை மீட்டலுக்கு வளர்ந்தது. அளவீட்டின் வரலாறு கசிவு உண்டா என்பதில் தொடங்கி எவ்வளவு என்பதற்கு வளர்ந்தது. எந்த மொழியில், எந்த வழக்கில் என்பது அடுத்து எழும் வினா. ஒரே நோயாளியிடம் பொருத்தியும் கழற்றியும் எடுக்கும் இரு எண்களின் வேறுபாடு வழக்கு வேறுபாட்டால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. பொது வரம்போடு ஒப்பிடும்போதே பிழை நுழைகிறது. எனவே வல்லினத் தொடர், மெல்லினத் தொடர், வட்டாரப் பேச்சு ஆகிய மூன்றையும் கொண்டு, அவ்வட்டாரத்து நலமுடையோரின் எண்களோடு ஒப்பிடுதல் வேண்டும். அத்தொடர்களை அமைப்பதற்கு மொழியியலாளரும் வட்டார வழக்கு ஆய்வாளரும் பேச்சு மருத்துவரோடு இணைந்து செயல்படுதல் இன்றியமையாதது. மெல்லினத்திற்கு மூக்கை இடமாக வகுத்த இலக்கண மரபு, அவ்விணைப்பிற்கு உரிய பொதுத்தளமாக அமையும்.