பஜாஜ் சேத்தக்: கார்புரேட்டர் கோளாறுகளும் காலைநேரத் தொடக்கச் சிக்கலும்

பஜாஜ் சேத்தக், பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 1972இல் அறிமுகப்படுத்திய கியர் ஸ்கூட்டர். இத்தாலியின் வெஸ்பா ஸ்பிரிண்ட் வண்டியைத் தழுவி உருவான இதற்கு மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் சூட்டப்பட்டது. இதன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் நகர்வும் 57 மி.மீ.; கொள்ளளவு 145.45 க.செ.மீ. எஞ்சினின் மேல், ஒரு பெட்டிக்குள் படுக்கைவசமாகக் கார்புரேட்டர் அமர்ந்திருக்கும். இந்த வண்டிகள் பலவற்றில் இருப்பது டெல்லோர்ட்டோ எஸ்ஐ வகையைச் சேர்ந்த ஸ்பாக்கோ கார்புரேட்டர். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் கிளம்ப மறுப்பது இவ்வகை ஸ்கூட்டர்களின் பழகிய சிக்கல்.

குளிர்ந்த எஞ்சினும் சோக்கும்

பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் தீப்பொறியில் பற்றும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலின் ஒரு பகுதி மட்டுமே ஆவியாகிறது. எஞ்சியது துளிகளாக உட்சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. கிக் அடிக்கும் வேகத்தில் காற்றோட்டமும் மெதுவாகவே இருக்கும். இந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் தேவை. அதைத் தருவதே சோக்.

எஸ்ஐ கார்புரேட்டரின் சோக், காற்றுவழியை அடைக்கும் தகடு அன்று. அதன் கம்பியை இழுக்கும்போது ஒரு சிறு வால்வு உயர்ந்து, ஸ்டார்ட்டர் ஜெட் வழியாகத் தனிப் பாதையில் பெட்ரோல் வருகிறது. எஞ்சின் பக்கத்தில் உள்ள உறிஞ்சுவிசையே இப்பாதையை இயக்குகிறது. சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலரேட்டரையும் முறுக்கினால் அந்த உறிஞ்சுவிசை குறைந்து சோக் பயனற்றுப் போகும். ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்கு ஆக்சிலரேட்டரை மூடிவைத்துக் கிக் அடிப்பதே முறை.

வண்டியை ஒருபுறம் சாய்த்துப் பிடித்துவிட்டுக் கிக் அடிக்கும் வழக்கம் இந்தியா முழுவதும் இருந்தது. சாய்க்கும்போது ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மட்டம் மாறிக் கலவை சற்றுச் செறிவாகிறது. சாய்த்தால்தான் கிளம்பும் என்ற நிலை வந்தால், சோக் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஸ்டார்ட்டர் ஜெட்டில் அடைப்பு, சோக் வால்வு முழுதும் உயராமை, ஃப்ளோட் அறையில் மட்டக் குறைவு ஆகியவை வழக்கமான காரணங்கள்.

பிளக் காட்டும் குறி

சோக்குடன் பலமுறை கிக் அடித்தும் கிளம்பாத வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றுமுன் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டரை எட்டவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறி பலவீனமாக இருக்கலாம், அல்லது பெட்ரோல் அளவுமீறிச் சேர்ந்திருக்கலாம்.

தீப்பொறியைச் சோதிக்க, பிளக்கின் உலோக உடலை எஞ்சினோடு சேர்த்துவைத்துக் கிக் அடிக்க வேண்டும். சிலிண்டரின் பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் இதைத் துளைக்கு அருகில் செய்யக் கூடாது. நீலநிறத்தில் திடமாக வரும் பொறி நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் பிளக், பாயிண்ட், கண்டென்சர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிளக் இடைவெளி ஏறத்தாழ 0.6 மி.மீ.; பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ. வரை. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் பிளக்கில் கரி விரைவில் படியும்.

பெட்ரோல் வராமை

பிளக் உலர்ந்திருந்தால் டேங்கிலிருந்து கீழ்நோக்கிச் சோதிக்க வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் வண்டி ஓடினால் காரணம் அதுவே. அடுத்து பெட்ரோல் டேப், ரப்பர் குழாய், கார்புரேட்டர் நுழைவாயில் வலை, ஃப்ளோட் நீடில் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, அதில் கலந்திருந்த ஆயிலும் பிசினும் ஃப்ளோட் அறையில் தங்கிவிடும். இந்தப் பிசுக்கு முதலில் அடைப்பது நுண்துளை கொண்ட ஸ்லோ ஜெட்டையும் ஸ்டார்ட்டர் ஜெட்டையும்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் பாகங்களை உப்பவும் செய்யும். ஜெட்டுகளைக் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்யலாம். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும்.

பெட்ரோல் நிரம்பி வழிதல்

நீடில் தேய்ந்தாலோ, அதில் தூசு சிக்கினாலோ, ஃப்ளோட் ஓட்டையானாலோ பெட்ரோல் வரத்து நிற்காது. டேப்பை மூடாமல் விட்டால் இரவில் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அப்போது டேப்பை மூடி, சோக்கை விடுவித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து பலமுறை கிக் அடித்தால் மிகுதி வெளியேறும். பிளக்கை உலர்த்தி மாட்ட வேண்டும்.

கிளம்பியபின் நின்றுபோதல்

சோக் இருக்கும்வரை ஓடி, விடுவித்ததும் நின்றால் ஸ்லோ ஜெட் அடைப்போ காற்றுக்கசிவோ இருக்கும். கார்புரேட்டர் போல்ட்டுகளை அளவுமீறி முறுக்கினால் அதன் அடிப்பகுதி வளைந்து கேஸ்கெட் வழியாகக் காற்று புகும். ஆக்சிலரேட்டரை மூடியும் எஞ்சின் வேகம் குறையாமல் இரைவது இதன் அடையாளம். மேக்னட் பக்க ஆயில் சீல் தேய்ந்தாலும் இதே அறிகுறி தோன்றும். கிளட்ச் பக்க சீல் தேய்ந்தால் கியர் ஆயில் எரிந்து வெண்புகை வரும். கியர் பெட்டியில் ஆயில் மட்டமும் குறையும்.

கலவையைச் சரிசெய்தல்

பிற கோளாறுகள் தீர்ந்தபின்பே கலவைத் திருகைத் தொட வேண்டும். அதை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது தொடக்க நிலை. எஞ்சின் சூடானபின், சீராக அதிக வேகத்தில் ஓடும் இடத்தில் அதை நிறுத்தி, ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எஸ்ஐ வகையில் இந்தத் திருகை வெளியே எடுத்தால் கலவை செறிவாகும்.

நல்ல நிலையிலுள்ள சேத்தக், சோக்குடன் சில கிக்குகளிலேயே கிளம்பும். சூடான எஞ்சினுக்குச் சோக் தேவைப்படாது. எஞ்சின் சூடேறிய பிறகும் சோக்கை விடுவிக்க முடியாத வண்டியில் கலவை மெலிந்திருக்கிறது. மெலிந்த கலவையில் தொடர்ந்து ஓட்டினால் சூடு மிகுந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும்.