புனே நகரின் சொற்பொழிவு மேடையும் மொழிபெயர்ப்பில் எஞ்சிய உரைகளும்

மேடையில் பேசப்பட்ட உரை நூல்வடிவம் பெறும்போது அதில் பேசியவரின் மொழி எவ்வளவு எஞ்சுகிறது என்னும் வினாவை மொழிவரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அச்சிட்ட உரையை அவ்வாறே பேச்சாகக் கொண்டு சொற்களை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். 1875ஆம் ஆண்டில் புனே நகரில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவுகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

1871இல் நீதித்துறை அலுவலராகப் புனேக்கு வந்த மகாதேவ கோவிந்த ரானடே, 1875இல் 'வசந்த வியாக்யானமாலா' என்னும் தொடர் சொற்பொழிவைத் தொடங்கினார். பேச்சுத்திறனை ஊக்குவிக்கும் நோக்குடைய 'வக்த்ருத்வோத்தேஜக் சபா' இதனை ஆண்டுதோறும் நடத்தி வருகிறது. 1870இல் தோன்றிய புனே சார்வஜனிக் சபா அரசை நோக்கிப் பேசியது. 1878இல் அது தொடங்கிய காலாண்டிதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வியாக்யானமாலாவோ நகர மக்களை நோக்கிப் பேச வேண்டியிருந்தது. ஆகவே மராட்டியே அதன் மொழியாயிற்று. ஒரே வட்டத்தினர் அரசுக்கு ஒரு மொழியையும் ஊராருக்கு ஒரு மொழியையும் கையாண்டனர் என்பது நோக்கத்தக்கது.

அவ்வூரார் கேட்டுப் பழகியவை கீர்த்தனமும் புராணமும் ஆகும். மராட்டியக் கீர்த்தன முறை தஞ்சை வழியாகத் தமிழுக்கு வந்து கதாகாலட்சேபத்தை உருவாக்கியதைத் தமிழர் அறிவர். பாட்டும் தாளமும் இன்றி, கடவுளின் கதையும் இன்றி, ஒருவர் நின்று ஒரு பொருளைப் பற்றி வாதிடுவதை ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்பது புதிய பழக்கம். இப்புதிய வகைக்கு மராட்டியர் தேர்ந்துகொண்ட பெயர் பழையது. வடமொழியில் 'வியாக்யான' என்பது நூலுக்கு எழுதும் உரை விளக்கம். தமிழில் இச்சொல் அப்பொருளிலேயே நின்றுவிட்டது. வியாக்கியானம் என்றால் நமக்குப் பெரியவாச்சான் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறார். மராட்டியிலும் இந்தியிலும் அது மேடைச் சொற்பொழிவைக் குறிப்பதாயிற்று. 'உபந்யாச' என்னும் சொல்லின் கதை இதனினும் விந்தையானது. வங்காளத்திலும் இந்தியிலும் அது நாவல். கன்னடத்திலும் தெலுங்கிலும் சொற்பொழிவு. தமிழிலோ சமயச் சொற்பொழிவு மட்டும். பொதுப்பேச்சு என்னும் ஒரே புதுமைக்கு ஒவ்வொரு மொழியும் தன் பழைய பெட்டியிலிருந்து வெவ்வேறு சொல்லை எடுத்துக்கொண்டது போலும்.

அதே 1875ஆம் ஆண்டில் ரானடே முதலியோரின் அழைப்பின் பேரில் தயானந்த சரசுவதி புனேக்கு வந்தார். புதவார் பேட்டையில் பிடே வாடா என்னும் இல்லத்தில் அவர் சொற்பொழிவாற்றினார். கடவுள், வேதம், மறுபிறப்பு, வேள்வி, வரலாறு எனப் பொருள்கள் விரிந்தன. இறுதி உரை அவருடைய வாழ்க்கை வரலாறு. இவற்றுள் 15 உரைகள் நமக்குக் கிடைக்கின்றன. இந்தியில் 'உபதேச மஞ்சரி' என்றும் 'புனே பிரவசனம்' என்றும் வழங்கும் நூல் இதுவே.

இந்நூலின் மொழிவழிப் பயணம் நம் ஆய்வுக்கு உரியது. தயானந்தரின் தாய்மொழி குஜராத்தி. கற்றதும் நெடுங்காலம் பேசியதும் வடமொழி. கல்கத்தாவில் கேசவ சந்திர சென் கூறிய அறிவுரைக்குப் பின்னரே, அதாவது 1873ஐ ஒட்டி, அவர் மக்கள் மொழியாகிய இந்தியில் பேசத் தலைப்பட்டார். ஆகவே புனே மேடையில் ஒலித்தது இரண்டே ஆண்டுப் பழக்கமுடைய இந்தி. கேட்டவர்கள் மராட்டியர். குறிப்பெடுத்தவர்கள் அதனை மராட்டியில் எழுதினர்; மராட்டியிலேயே அது அச்சாயிற்று. பின்னர் அம்மராட்டியிலிருந்து மீண்டும் இந்திக்குப் பெயர்க்கப்பட்டது. இன்று நாம் படிக்கும் இந்தி, அவர் பேசிய இந்தியன்று.

இதற்கு அவரே மறைமுகமாகச் சான்று தருகிறார். 'சத்தியார்த்தப் பிரகாசம்' நூலின் முதற்பதிப்பு 1875இல் வெளிவந்தது. திருத்திய பதிப்பின் முன்னுரையில், முதற்பதிப்பைச் செய்த காலத்தில் தாம் வடமொழியில் பேசியும் கற்பித்தும் வந்ததாலும் தம் தாய்மொழி குஜராத்தி ஆதலாலும் இம்மொழியில் தமக்குத் தனித்தேர்ச்சி இருக்கவில்லை என்னும் கருத்தை அவர் எழுதியுள்ளார். 1875இல் தமக்கு இந்தி நன்கு வரவில்லை என்று ஒருவர் சொல்ல, அவ்வாண்டில் அவர் ஆற்றியதாகக் கிடைக்கும் உரை தங்குதடையற்ற இந்தியில் அமைந்திருப்பின், அந்நடை யாருடையது? மொழிபெயர்ப்பாளருடையது என்பதே என் துணிபு.

இந்நூல் ஆய்வுக்கு முற்றிலும் பயனற்றது என்பது பொருளன்று. வேதம், ஆத்மா, யக்ஞம் போன்ற கலைச்சொற்கள் வடமொழி, இந்தி, மராட்டி ஆகிய மூன்றிற்கும் பொது. அவை மொழி மாறியும் உருமாறாமல் வந்திருத்தல் கூடும். வாக்கிய அமைப்பு, விளிமுறை, வினைமுடிபு, நகைச்சுவை ஆகியவற்றை நம்ப இயலாது. பொதுச்சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். 'சிக்ஷா' இந்தியில் கல்வி, மராட்டியில் தண்டனை. 'சேஷ்டா' இந்தியில் முயற்சி, மராட்டியில் கேலி. 'சன்சார்' இந்தியில் உலகம், மராட்டியில் இல்வாழ்க்கை. (தமிழ்ப் பேச்சுவழக்கில் சம்சாரம் மனைவியாகவே ஆகிவிட்டது.) ஒரே எழுத்து வடிவமும் ஒரே சொல்லும் உடைய இரு மொழிகளுக்கிடையே இருமுறை கடந்து வந்த உரையில் இத்தகைய சொல் வருமிடமெல்லாம் மராட்டி மூலத்தோடு ஒப்பிடாமல் முடிவு கூறலாகாது. அவருடைய தன்வரலாற்றின் மற்றொரு வடிவமும் 1879 முதல் 'தியாசபிஸ்ட்' இதழில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே முதலில் வெளிவந்தது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

சொற்பொழிவுகள் முடிந்தபின், 1875 செப்டம்பரில், தயானந்தரைச் சிறப்பிக்க ஊர்வலம் ஒன்று நடந்தது. வைதிகர் எதிர்த்தனர், கலகம் மூண்டது. ஊர்வலத்திற்குத் துணைநிற்க ரானடே நாடியவர், 1873இல் சத்தியசோதக சமாஜத்தை நிறுவிய ஜோதிராவ் புலே. புலே தம் தோழர்களுடன் வந்து உடன்சென்றார்.

ஆனால் அம்மேடையின் மொழி புலேயின் மொழியாக இருக்கவில்லை. 1878 மே மாதத்தில் ரானடேயும், லோகஹிதவாதி எனப்பட்ட கோபால் ஹரி தேஷ்முக்கும் புனேயில் மராட்டி நூலாசிரியர் மாநாட்டைக் கூட்டினர். இன்றைய அகில பாரதிய மராட்டி சாகித்ய சம்மேளனத்தின் தொடக்கம் இது. 1885இல் இரண்டாவது மாநாட்டிற்குப் புலே அழைக்கப்பட்டார். அவர் செல்லவில்லை. எல்லா மக்களுக்கும் மனித உரிமைகள் உண்டு என மனமார ஏற்காதோருடைய அவைகளும் நூல்களும் எங்களுடையவற்றோடு பொருந்தா என்னும் கருத்துப்பட மறுப்புக் கடிதம் எழுதினார். சமாஜத்தார் பிற்காலத்தில் தமாஷாக் கூத்தைத் தழுவிச் சத்தியசோதக ஜல்சா என்னும் வேறொரு மேடையை உருவாக்கிக்கொண்டனர். புலேயின் கடிதம் 1885 ஜூன் மாதத்தில் 'ஞானோதய' இதழில் வெளிவந்தது. உழைப்போர் வாய்ச்சொற்களும் குத்தலும் நிறைந்த அம்மராட்டி, குறிப்பெடுப்பவர் கையையோ மொழிபெயர்ப்பாளர் கையையோ கடவாமல், அவர் எழுதியவாறே இன்று நமக்குக் கிடைக்கிறது.