கோஹிகோஹி உதிர்த்த மண்

நியூசிலாந்தின் புக்கெகோஹி ஊருக்குப் பெயர் கொடுத்த கோஹிகோஹி, நம் வேம்பின் குடும்பத்து மரம். கசப்பும் அப்படியே. அதன் இலையைக் காய்ச்சி, இந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகள் இருமலுக்குக் குடித்தார்கள். பலாவைப் போல அடிமரத்திலேயே பூக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் வெள்ளைச் சரமாகத் தொங்கும்.

வேம்பு மாசியில் உதிர்த்துப் பங்குனியில் துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்கூட, இங்கே வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் பதறிப்போய் என்னைக் கூப்பிடுகிறார்கள்: எலுமிச்சையும் மக்னோலியாவும் பசுமை மாறா மரங்களாயிற்றே, ஏன் இலை பழுத்துக் கொட்டுகிறது? உள்கிளையைப் பாருங்கள் என்பேன். பழுத்தது பழைய இலைதான். அதிலிருந்த தழைச்சத்தை மரம் துளிருக்கு இழுத்துக்கொண்டு, காம்படியில் தக்கை போல ஒரு தடுப்பைக் கட்டிவிடுகிறது. தொட்டாலே கையோடு வரும். கிளையில் ஈரமில்லாத சிறு தழும்பு தெரியும். துளிரே நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்தால்தான் கவலை. அது இரும்புச்சத்துக் குறை, அல்லது வேரில் நீர் தேங்கியிருக்கிறது.

இந்த உதிர்வை ஊர் மொத்தமாக இழந்த கதை ஒன்று உண்டு. 5 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய எரிமலைக் குழம்பு மக்கிய மண் இது. அதன்மேல் காடு ஆண்டுதோறும் சருகைப் பரப்பி வந்தது. 1863-இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரிகளுக்கும் போர். விக்டோரியா அரசிக்கு விசுவாசம் காட்ட மறுத்த மாவோரிகள் வெளியேற்றப்பட்டார்கள். செப்டம்பர் 14 அன்று புக்கெகோஹி ஈஸ்ட் தேவாலயத்தைச் சுற்றிச் சண்டை நடந்தது. பிறகு நிலம் பறிமுதல்; அடுத்த சில ஆண்டுகளில் கப்பல் கப்பலாகக் குடியேறிகள். காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள். 1875-இல் ரயில் வந்தது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஆக்லாந்து சந்தைக்குப் போயின.

சீனரும், குஜராத்திலும் பஞ்சாபிலும் இருந்து வந்தவர்களும் இந்த மண்ணில் குனிந்து பாடுபட்டார்கள். அவர்களை விரட்டவே 1920-களின் நடுவில் 'வெள்ளை நியூசிலாந்து லீக்' இதே ஊரில் தொடங்கியது. எனக்கு இன்றும் ஆறாத செய்தி அது. அவர்கள் போகவில்லை; பேரப்பிள்ளைகள் இன்றும் வெங்காயம் போடுகிறார்கள்.

மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெட்டுக்குத் தப்பிய கோஹிகோஹியை, ரோமத் தொழிலுக்காக 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பாஸம் என்ற விலங்கு மொட்டையடித்தது. சருகுப் போர்வை போன சரிவுகளில் பெருமழைக்கு மேல்மண் கரைந்து வாய்க்காலில் இறங்குகிறது. அதனால் விவசாயிகள் அறுவடை முடிந்த வயலில் ஓட்ஸோ கடுகோ விதைத்து, பசுமையாக இருக்கும்போதே மடக்கி உழுகிறார்கள்.