தேரைத்தோலும் சுண்டெலியும்

வாளையாறு வழியே பாலக்காட்டிற்கும், போடிமெட்டு வழியே இடுக்கி மலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த நாம், மலைக்கு இப்பால் தேங்காயெண்ணெயும் அப்பால் நல்லெண்ணெயும் மணப்பதை அறிவோம். மணம் மட்டுமா வேறுபடுகிறது? நல்லெண்ணெயில் லினோலியிக் அமிலம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. தேங்காயெண்ணெயிலோ நூற்றுக்கு இரண்டு அளவே. நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பமிலம் இது. சிறிதளவே தேவை, எனினும் உணவிலிருந்தே வரவேண்டும்.

இதன் அருமையை முதலில் உணர்த்தியவை வெள்ளெலிகள். 1929-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவை அவற்றிற்கு அளித்தனர். தோல் செதிள் செதிளாக உதிர்ந்தது, வாலும் புண்பட்டது.

அக்காலத்தில் நம் ஏழைக் குழந்தைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் மயிர்க்கால்கள் முள்போல் தடித்திருப்பதை மருத்துவர் கண்டனர். 1933-இல் இலங்கையில் லூஷியஸ் நிக்கல்ஸ் இதனைத் 'தேரைத்தோல்' எனப் பொருள்படும் பெயரால் விவரித்து, வைட்டமின் குறைவே காரணம் என்றார். பாலக்காட்டின் வடக்கே நீலகிரியில், குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சிக்கூடமும் இந்நோயை ஆராய்ந்தது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சியின் தலைவராக விளங்கிய ராமலிங்கசுவாமி, 1953-இல் சின்கிளேருடன் சேர்ந்து, வைட்டமின் ஏ குறைவையும் கொழுப்பமிலக் குறைவையும் எலித்தோலில் ஒப்பிட்டார். ஒரே காரணம் என்று முடிந்த வழக்கன்று இது. 'பி' வைட்டமின்களுக்கும் பங்குண்டு. ஆயினும், தக்க எண்ணெயும் உணவும் சேர்ந்தால் தோல் தெளிவதைப் பலமுறை கண்டனர். வறுமையின் நோய் என்பதில் நமக்கு ஐயமில்லை.

உணவு குறைவின்றிக் கிடைத்தும் தோல் கெடுமானால்? 1965-இல் கேட்ஸ், கராசெக் இருவரும் ஒரு சுண்டெலிக் குலத்தைப் பற்றி எழுதினர். அவற்றின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உருப்பெறவில்லை, உரோமமும் உதிர்ந்தது. பரம்பரைக் குறை என்பது தெரிந்தது; எந்த மரபணு என்பது புலப்பட 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எஸ்.ஸி.டி.1 என்பது அதன் பெயர். கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தை இளகிய ஓலியிக் அமிலமாக மாற்றும் நொதியை ஆக்குவது அது.

இங்கேதான் வியப்பு. உகாண்டாவில் பிறந்த ஜேம்ஸ் என்டாம்பியின் குழுவினர், 2001-இல் விஸ்கான்சினில், அம்மரபணுவை நீக்கிய எலிகளுக்கு ஓலியிக் அமிலத்தை உணவிலேயே மிகுதியாக அளித்துப் பார்த்தனர். இமைச் சுரப்பிகளின் கொழுப்பு இயல்பான அளவை எட்டவில்லை! நம் குழந்தைக்கு வெளியிலிருந்து வந்த எண்ணெய் துணை செய்தது. அந்த எலிக்கோ உண்ட கொழுப்பு ஈடாகவில்லை. சுரப்பி தனக்குரிய கொழுப்பைத் தானே காய்ச்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2009-இல் தோலில் மட்டும் அம்மரபணுவை நீக்கினர். தோல் வறண்டது, கொழுப்பு மிகுந்த உணவைத் தின்றும் எலி பருக்கவில்லை.